பதிவு எண் இல்லாத வீடு

2015 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகரின் பேருந்து நிறுத்தங்களிலும் விளம்பரப் பலகைகளிலும் சில கடிதங்கள் தொங்கின. நூலகத் துறைக்கு ஒன்று, பள்ளிக் கல்விக் குழுவுக்கு ஒன்று, வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிப்பவர்களுக்கு ஒன்று. எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான். எங்களால் வந்த 1.2 கோடி டாலர் ஹோட்டல் வரியில் நூலகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வையுங்கள், பள்ளியில் ஓவிய வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். கீழே, 'அன்புடன், ஏர்பிஎன்பி' என்று கையெழுத்து.

ஊர் மக்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வரி, அறை எடுத்துத் தங்கிய விருந்தினர்களின் பணம். அதை வசூலித்து நகராட்சிக்குக் கட்டும் வேலையையும், வீடுகளை நாள் வாடகைக்கு விட இணையத்தில் வழிசெய்து தரும் அந்த நிறுவனம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தத் தொகையில் நூலகத்தை நாளொன்றுக்கு ஓரிரு நிமிடம் வேண்டுமானால் கூடுதலாகத் திறந்து வைக்கலாம் என்று உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் ஃபேஸ்புக்கில் கணக்குப் போட்டுக் காட்ட, அது ஊரெங்கும் பரவியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளம்பரங்களை இறக்கியது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரத்தில் வாக்கெடுப்பு. வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதை ஆண்டுக்கு 75 இரவோடு நிறுத்த வேண்டும் என்பது மக்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி. அதைத் தோற்கடிக்க ஏர்பிஎன்பி 80 லட்சம் டாலருக்கு மேல் இறைத்தது. 100 பேரில் 55 பேர் வேண்டாம் என்று வாக்களிக்க, தீர்மானம் தோற்றது. மன்னிப்புக் கேட்ட கம்பெனிதான் ஜெயித்தது.

இத்தனைக்கும் அது அந்த ஊரிலேயே பிறந்த கம்பெனி. 2007 அக்டோபரில் வடிவமைப்பாளர் மாநாடு ஒன்றுக்காக ஊரில் ஹோட்டல் அறைகளெல்லாம் நிரம்பிவிட்டன. வாடகை கட்டத் திணறிக்கொண்டிருந்த பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு இளைஞர்கள், தங்கள் வீட்டில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். ஓர் இரவுக்கு 80 டாலர், காலையில் சிற்றுண்டி உண்டு. நேதன் பிளெசார்சிக் சேர்ந்துகொள்ள, 2008இல் அது நிறுவனமானது. வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வருகிறவர் நாலு காசு கொடுத்துத் தங்கிவிட்டுப் போகட்டும் என்ற எண்ணத்தில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

ஆட்சேபம் வேறு இடத்திலிருந்து வந்தது. மாத வாடகைக்கு ஒரு குடும்பத்தை வைப்பதைவிட, வாரத்துக்கு ஒரு பயணியைத் தங்கவைத்தால் வருமானம் அதிகம். வாடகைக் கட்டுப்பாடு உள்ள ஊரில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கட்டடத்தின் உரிமையாளர்கள், மாற்றுத்திறனாளிகளான இரண்டு குடித்தனக்காரர்களைச் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டிக் காலி செய்ய வைத்தார்கள். அதன்பின் அதே வீடுகளை இணையத்தில் நாள் வாடகைக்கு விட்டார்கள். நகர வழக்கறிஞர் 2014இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு 2.76 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். காற்று மெத்தைக் கதையோடு இதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் இரண்டும் நடந்தது ஒரே இணையத்தளத்தில்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் 2014இல் நகர மன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2015 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வாசித்தால் நியாயமாகத்தான் தெரியும். வீட்டை விடுபவர் ஆண்டுக்குக் குறைந்தது 275 இரவு அதே வீட்டில் வசிக்க வேண்டும். அவர் வீட்டில் இருக்கும்போது விருந்தினரை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவர் ஊரில் இல்லாதபோது முழு வீட்டையும் விடுவது ஆண்டுக்கு 90 இரவுக்கு மேல் கூடாது. நகராட்சியில் பதிவு செய்து எண் வாங்கி, அதை விளம்பரத்தில் போட வேண்டும்.

சட்டம் வந்தது, யாரும் அசையவில்லை. ஓராண்டு கழித்துக்கூட வீடு விடுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் பதிவு செய்திருந்தார்.

ஏன் என்று புரிய, அந்த இணையத்தளத்தை ஒரு நகராட்சி ஊழியரின் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டைக் காட்டும் பக்கத்தில் பத்துப் பதினைந்து படங்கள், விடுபவரின் முதல் பெயர், வரைபடத்தில் நாலைந்து தெருக்களை அடைத்துக்கொண்டு ஒரு வட்டம். அவ்வளவுதான். கதவு எண் கிடையாது. முன்பதிவு செய்து பணம் கட்டியவருக்குத்தான் முகவரி போகும். 90 இரவு என்று சட்டம் எழுதியாகிவிட்டது. எந்த வீட்டில், எத்தனை இரவு என்று யார் எண்ணுவது? படத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் எதிர்வீட்டுச் சுவரை வைத்துத் தெருவைக் கண்டுபிடிக்கும் துப்பறியும் வேலையாகிவிட்டது அது. முகவரி, இரவுக் கணக்கு, கைமாறிய பணம் மூன்றும் ஒரே இடத்தில்தான் இருந்தன, நிறுவனத்தின் கணினியில். அதைத் தர அது தயாராக இல்லை. விருந்தினர்களின், வீட்டுக்காரர்களின் அந்தரங்கம் என்றது.

உலகெங்கும் நகரங்கள் இந்தச் சட்டங்களில் இரவுகளை எண்ணிக்கொண்டிருக்கின்றன. லண்டனில் 90, ஆம்ஸ்டர்டாமில் முதலில் 60, பிறகு 30, பாரிசில் 120 இருந்தது இப்போது 90. எண்ணைப் பற்றித்தான் பத்திரிகைகளில் சண்டை. சட்டம் பலிக்குமா பலிக்காதா என்பது பெரும்பாலும் அந்த எண்ணில் இல்லை. பதிவு எண் இல்லாத வீட்டுக்கு முன்பதிவு எடுத்தால் தளத்தின் கையைப் பிடிக்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது. இதைச் சான் பிரான்சிஸ்கோ இரண்டு ஆண்டு பட்டுத் தெரிந்துகொண்டது.

2016 ஜூனில் நகர மன்றம், பதிவு செய்யாத வீடுகளுக்கு நிறுவனமும் பொறுப்பு என்று சட்டத்தைத் திருத்தியது. அந்த மாதமே நிறுவனம் தன் சொந்த ஊர் மீது வழக்குப் போட்டது. அதன் கையிலிருந்த ஆயுதம் 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 230ஆவது பிரிவு. அடுத்தவர் எழுதிப் போடும் விஷயத்துக்கு அதை வெளியிடும் இணையத்தளம் பொறுப்பாகாது என்பது அதன் சுருக்கம். ஃபேஸ்புக்கும் யூடியூபும் வளர்ந்ததே இந்தப் பிரிவின் நிழலில்தான். வீடு விடுபவர் பொய் சொன்னால் அது அவர் தவறு, நாங்கள் வெறும் அறிவிப்புப் பலகை என்றது ஏர்பிஎன்பி.

இங்கேதான் நகர வழக்கறிஞர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். வழக்கு நடக்கும்போதே சட்டத்தின் வாசகம் மாற்றப்பட்டது. விளம்பரத்தை வெளியிடாதே என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். எதை வேண்டுமானாலும் வெளியிட்டுக்கொள், பதிவு எண் இல்லாத வீட்டுக்கு முன்பதிவு எடுத்துக் கமிஷன் வாங்காதே என்றார்கள். பேச்சுரிமைச் சிக்கல் அதோடு கழன்றது. மிச்சமிருந்தது வியாபாரம் மட்டும். நீதிபதி ஜேம்ஸ் டொனேட்டோ அந்த நவம்பரில் தடை கொடுக்க மறுத்தார். 2017 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. வீட்டைப் பட்டியலில் சேர்க்கும்போதே பதிவு விவரம் நகராட்சிக்குப் போய்விடும், அங்கே செல்லாது என்றால் தளம் அதை எடுத்துவிடும்.

பதிவு செய்வதற்கான கெடு 2018 ஜனவரியில் முடிந்தபோது, ஊரில் நாள் வாடகைக்குக் கிடைத்த வீடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்திருந்தது. எந்த இன்ஸ்பெக்டரும் கதவைத் தட்டவில்லை. இரவுகளின் வரம்பிலும் மாற்றமில்லை, அதே 90தான்.

சான் பிரான்சிஸ்கோ இருக்கும் அதே கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா மோனிகா நகரமும் இந்த வழியில் போக, 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சரி என்றது. கடலுக்கு அந்தப் பக்கம் பாரிஸ், பதிவு எண் இல்லாத 1,010 விளம்பரங்களைக் காட்டி வழக்குப் போட்டது. 2021 ஜூலையில் நீதிமன்றம் ஏர்பிஎன்பிக்கு 80 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஸ்பெயின் அரசு 2025 மே மாதம், 65,000க்கும் மேற்பட்ட விளம்பரங்களை நீக்கச் சொல்லி உத்தரவிட்டபோது சொன்ன முக்கியமான குறையும், உரிம எண் இல்லை அல்லது தவறாக இருக்கிறது என்பதுதான்.

இதில் கடைசி எல்லை வரை போன ஊர் நியூயார்க். மூன்றும் அதற்கு மேலும் வீடுகள் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில், வீட்டுக்காரர் உடன் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடக் கூடாது என்ற மாநிலச் சட்டம் 2010லேயே வந்துவிட்டது. யாரும் சட்டை செய்யவில்லை. மாநிலத் தலைமை வழக்கறிஞர் எரிக் ஷ்னைடர்மன் நிறுவனத்திடமிருந்து வழக்கு மூலம் விவரம் வாங்கி, 2014 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். தனி வீடு அல்லது அறை என்று விடப்பட்டவற்றில் 72 சதவீதம் சட்டத்துக்குப் புறம்பானவை போலத் தெரிந்தன. வீடு விடுபவர்களில் 6 சதவீதத்தினர் மொத்த வருமானத்தில் 37 சதவீதத்தை அள்ளினார்கள். ஒரே ஆள் 272 வீடுகளை விட்டு 68 லட்சம் டாலர் பார்த்திருந்தார். அவரை வீட்டுக்காரர் என்று சொல்வதா, ஹோட்டல்காரர் என்று சொல்வதா?

பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு, 2022 ஜனவரியில் 18ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் 5 முதல் அமலானது. வீட்டை விடுபவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். விருந்தினர் இருக்கும்போது அவரும் அதே வீட்டில் தங்கியிருக்க வேண்டும். விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. வீட்டுக்குள் விருந்தினர் போக முடியாதபடி அறைகளைப் பூட்டி வைக்கக் கூடாது. அதாவது கூடமும் சமையலறையும் எல்லாருக்கும் பொது, ஒரே குடும்பம் போல. மீறினால் வீட்டுக்காரருக்கு 5,000 டாலர் வரை அபராதம். பதிவைச் சரிபார்க்காமல் முன்பதிவு எடுக்கும் தளத்துக்கும் ஒவ்வொரு மீறலுக்கும் 1,500 டாலர் வரை. இது முழுத் தடைக்குச் சமம் என்று ஏர்பிஎன்பி நீதிமன்றம் போய்த் தோற்றது. சட்டத்துக்கு முன் ஏறத்தாழ 22,000 வீடுகள் இருந்த இடத்தில் சில வாரங்களில் சில ஆயிரம்தான் மிஞ்சின.

சரி, வாடகை குறைந்ததா? இல்லை.

கணக்கைப் பார்த்தால் குறையும் என்று எதிர்பார்த்ததே அதிகம். நியூயார்க்கில் சுமார் 37 லட்சம் குடியிருப்புகள் இருக்கின்றன. 2023 கணக்கெடுப்பில் வாடகை வீடுகளில் காலியாகக் கிடைத்தவை 1.4 சதவீதம்தான், அரை நூற்றாண்டில் இல்லாத நெருக்கடி. இதில் 20,000 வீடுகள் ஒரே நாளில் சந்தைக்கு வந்தாலும் எந்த மூலைக்கு? அவை எல்லாமே வரவும் இல்லை. பல விளம்பரங்கள், 'குறைந்தது 30 இரவு' என்று ஒரு வரியை மாற்றிக்கொண்டு அதே தளத்தில் தொடர்ந்தன. மருத்துவமனைக்குத் தற்காலிகமாக வரும் செவிலியர்களும் கம்பெனி வேலையாக வருகிறவர்களும் அங்கே தங்கினார்கள். பயணிகளில் ஒரு பகுதி ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குப் போனது.

நாள் வாடகை வாடகையை ஏற்றுகிறது என்பது பொய்யில்லை. பாரன், குங், ப்ரொசெர்பியோ என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்கா முழுவதுக்குமான தரவை வைத்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியில் ஏர்பிஎன்பி வீடுகள் 1 சதவீதம் கூடினால் வாடகை 0.018 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். சின்ன எண்தான். ஆனால் அந்த வீடுகள் ஆண்டுக்கு 1 சதவீதமா கூடின? பல மடங்காக அல்லவா பெருகின! அதனால் பாதிப்பு உண்மை. வீட்டுப் பஞ்சத்துக்கு இதுவே முழுக் காரணம் என்று மேயர்கள் மேடையில் பேசுவது மட்டும் மிகை. புதிய வீடு கட்ட அனுமதி கொடுக்கும் வேலை கடினம். ஓர் அமெரிக்கக் கம்பெனியைத் திட்டுவது சுலபம்.

நியூயார்க்கில் லாபம் பார்த்த ஒரு தரப்பு உண்டு. 2023இல் அங்கே ஹோட்டல் அறை சராசரியாக ஓர் இரவுக்கு 300 டாலரைத் தொட்டது. காரணம் ஒன்றல்ல. பல ஹோட்டல்கள் புகலிடம் தேடி வந்தவர்களுக்கான தங்குமிடமாகியிருந்தன. புதிய ஹோட்டல் கட்டச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று 2021இல் நகரமே விதி போட்டிருந்தது. ஆனாலும் போட்டி ஒழிந்ததில் ஹோட்டல்காரர்களுக்கு வருத்தம் இருந்திருக்காது. 18ஆம் எண் சட்டத்துக்கு ஹோட்டல் ஊழியர் சங்கம் வெளிப்படையாகவே ஆதரவு தந்தது.

இந்தச் சட்டத்தில் உறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. 272 வீடு வைத்திருந்தவருக்கும், குவீன்ஸ் பகுதியில் இரண்டு குடித்தன வீட்டின் கீழ்ப்பகுதியை விட்டு வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருந்த ஓய்வூதியக்காரருக்கும் ஒரே விதி. சொந்த வீட்டில் வசிக்கும் சிறு உரிமையாளர்கள் தங்களுக்கு விலக்கு கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். பதிவு எண் முறை கறாராக இருக்கும் ஊரில், யார் சிறியவர் யார் பெரியவர் என்று பிரித்துப் பார்ப்பது முன்போலக் கஷ்டமில்லை. ஒரே பெயரில் எத்தனை வீடு என்பது பட்டியலிலேயே தெரிந்துவிடும். சான் பிரான்சிஸ்கோ அந்தப் பிரிப்பைச் செய்தது, நியூயார்க் செய்யவில்லை.

பார்சிலோனாவின் கதை வேறு. அங்கே கோபம் தெருவுக்கு வந்துவிட்டது. 2024 ஜூலையில் நடந்த ஊர்வலத்தில், உணவகத்தில் உட்கார்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மீது சிலர் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மேயர் ஜாவ்மே கோல்போனி, நகரின் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களில் ஒன்றைக்கூட 2028 நவம்பருக்கு மேல் நீட்டிக்கப் போவதில்லை என்று அறிவித்திருந்தார். பத்தாண்டில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். 2025 மார்ச்சில் ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் இதற்கு அடிப்படையான கட்டலோனியச் சட்டத்தை உறுதிசெய்தது. உரிமம் வைத்திருப்பவர்கள் நஷ்ட ஈடு கேட்கிறார்கள். ஒரு விஷயத்தில் பார்சிலோனா மற்ற ஊர்களுக்கு முன்னோடி. பக்கத்து வீட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் நகராட்சியின் இணையப் பக்கத்தில் முகவரியைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அங்கேயே புகாரும் கொடுக்கலாம்.

சிங்கப்பூரில் இந்த வாதப் பிரதிவாதமெல்லாம் கிடையாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு என்றால் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீடு என்றால் மூன்று மாதம், அதற்குக் குறைவாக வாடகைக்கு விடுவதே குற்றம். 2018இல் இரண்டு பேர் ஒரு தனியார் குடியிருப்பில் நான்கு வீடுகளை நாள் கணக்கில் விட்டதற்காக, ஆளுக்கு 60,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் கட்டினார்கள். விதியைத் தளர்த்தலாமா என்று அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது உண்டு. ஒழுங்குமுறைக்குத் தளங்கள் கட்டுப்பட முன்வரவில்லை என்று சொல்லி, 2019 மே மாதம் பழைய விதியையே வைத்துக்கொண்டது.

பிள்ளையின் பட்டமளிப்பு விழாவுக்கும் பேரக் குழந்தையைப் பார்க்கவும் இந்த ஊர்களுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது ஏராளம். முன்பதிவு செய்யும் முன் ஒரு நிமிடம் செலவழித்து விளம்பரத்தில் பதிவு எண்ணைத் தேடுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் எஸ்.டி.ஆர். என்றும், பார்சிலோனாவில் எச்.யு.டி.பி. என்றும் அது தொடங்கும். நியூயார்க்கின் சாதாரணக் குடியிருப்பில் முழு வீடு, ஐந்து நாள், ஆறு பேர் தங்கலாம் என்று யாராவது மலிவாகக் கூப்பிட்டால், அது சட்டப்படியான வீடு அல்ல. நியூயார்க்கில் விருந்தினருக்கு அபராதம் கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனால் கடைசி நேரத்தில் முன்பதிவு ரத்தாகிவிட்டால், கட்டிய பணம் திரும்பக் கிடைத்தாலும், அன்றைய விலைக்குத்தான் ஹோட்டல் அறை எடுக்க வேண்டியிருக்கும்.